ஜெர்மனியில் நமக்கு ஓர் ஆள்

ஜூலை 3, 2025, வியாழன்

ஜூன் சம்பளம் முடிந்தது. அறுபத்து நாலு பேருக்கும் பேங்கில் ஏறிவிட்டது. சாயங்காலம் வரை யாரும் சீட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வரவில்லை. எட்டு வருஷத்தில் இப்படி ஒரு மாதம் நினைவில்லை.

அறுபத்தைந்தாவது ஆள் ஊவே. அவருக்கு மட்டும் நான் கணக்குப் போடுவதில்லை. ஜெர்மனியில் சம்பளக் கணக்கு அலுவலகம் வைத்திருக்கும் பிர்கிட் போட்டு அனுப்புவார், நான் பணம் அனுப்புவேன். இன்று ஊவேவின் சம்பளச் சீட்டு வந்தது. ஒரே பக்கம், ஆனால் நாற்பது கட்டம். முதலாளி பாஸ்கரன் சார் அதை எட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா ஹில்டாம்மா, ஜாதகமா இது?" என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பொட்டலம் போடும் மெஷின் செய்கிற கம்பெனிக்கு ஜெர்மனியில் ஆள் எதற்கு என்று மாமியார் கேட்டார். அங்கே மூலிகை டீ விற்கும் ஒரு கம்பெனி எங்களிடம் நாலு மெஷின் வாங்கியது. பழுது பார்க்க உள்ளூரில் ஆள் போட்டால் இன்னும் நாலு வாங்குவோம் என்றார்கள். அதனால்தான் ஊவே, மே 5-ல் இருந்து. வயது ஐம்பத்தொன்று. ஷாப் ஃப்ளோரில் எல்லாருக்கும் அந்தப் பெயர் வேடிக்கை. "வாந்தி வர்ற மாதிரி கூப்புட வேண்டியிருக்குது" என்கிறான் அசெம்பிளி ஜெகதீஷ்.

சார் முதலில் அவரை ஆள் கணக்கில் வைக்க வேண்டாம், மாதாமாதம் பில் அனுப்பட்டும் என்றுதான் சொன்னார். பிர்கிட் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு மட்டுமே வேலை செய்கிறார், நீங்கள் சொன்ன நேரத்தில், நீங்கள் கொடுத்த கருவியோடு; என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் அவர் உங்கள் ஊழியர் என்று எழுதினார். எனக்கு அந்த வரி பிடித்திருந்தது.

ஒரு வேலை பாக்கி. மஞ்சள் ஃபைலில் விபத்துக் காப்பீட்டுப் பதிவு விண்ணப்பம். அது ஒன்றை மட்டும் கம்பெனியே நேரடியாக அனுப்ப வேண்டும். ஆள் சேர்ந்த ஒரு வாரத்துக்குள். ஒரு கட்டம் புரியாமல் பிர்கிட்டைக் கேட்கலாம் என்று வைத்தேன். மே 20-ல் அவர் ஞாபகப்படுத்தினார். "நாளை அனுப்புகிறேன்" என்று பதில் போட்டேன்.

நாளைக்குக் கட்டாயம்.

ஜூலை 4

பி.எஃப். வேலையிலேயே பொழுது போய்விட்டது. மஞ்சள் ஃபைல் - திங்கட்கிழமை.

ஜூலை 8, செவ்வாய்

ஊவே விழுந்துவிட்டார்.

மூன்று மணி இருக்கும். ஆபீஸ் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ. பூட்ஸைக் கழற்றின கால், கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பன்னு. கீழே அவரே எழுதியிருந்தார்: டீ கம்பெனியில் மூன்றாம் மெஷின் மேலே இருக்கிற சென்சாரைப் பார்க்க ஏறினேன், இறங்கும்போது கால் சறுக்கிவிட்டது, ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கிறேன், மன்னிக்கவும்.

மன்னிக்கவுமாம்.

நான் முதலில் நினைத்தது அந்தக் காலை இல்லை. மஞ்சள் ஃபைலை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு மனுஷன் தரையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறான், நான் ஃபைலைத் தேடி டிராயரைத் திறந்தேன்.

ஐந்தரைக்கு இன்னொரு செய்தி. எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. நாளை ஆபரேஷன். டாக்டர் முதல் தவணையாக ஆறு வாரம் ஓய்வு எழுதியிருக்கிறார்.

ஜூலை 9, புதன்

சாரிடம் காலையிலேயே சொன்னேன். முதலில் பதறினார். "தலையில ஒண்ணும் படலியே?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம்தான் ஆறு வாரத்தைப் பற்றிக் கேட்டார்.

"ஆறு வாரமும் முழுச் சம்பளம் நாம கொடுக்கணும் சார். அங்கத்திய சட்டம். நாலு வாரம் வேலை செஞ்சிருந்தாலே போதும்."

"சேந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. அதுக்குள்ள ஆறு வாரம் சும்மா குந்திகினு துண்ணுவானா?"

"கால் ஒடிஞ்சிருக்கு சார்."

"எனுக்கும்தான் கால் வெந்துச்சு. ஃபவுண்ட்ரில. மூணாம் நாளு துணி கட்டிகினு வந்து நின்னேன். எவன் குடுத்தான் எனுக்கு?"

அவர் எண்பத்தாறில் ஹெல்பராக இதே எஸ்டேட்டுக்குள் வந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் செம்பரம்பாக்கம் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவருக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை, அது உண்மைதான்.

பதினோரு மணிக்கு என் மெயிலில் ஒன்று வந்து விழுந்தது. சார் தன் போனிலிருந்தே ஊவேவுக்கு அனுப்பியிருக்கிறார், எனக்கு நகல். இன்று முதல் உங்கள் சேவை எங்களுக்குத் தேவையில்லை. இரண்டே வரி. ஆபரேஷன் அன்றைக்கா அனுப்புவாங்க இதை? ஓடிப்போய் நின்றேன். "போன்ல படிக்கட்டும். பட்த்துகினுதானே கீறான்" என்றார்.

மஞ்சள் ஃபைலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே உட்கார வைத்துச் சொன்னேன். நான் பதிவு செய்யலீங்க. அந்த ஆளுக்கு ஆபரேஷன். காப்பீடு இல்லைன்னு சொல்லிட்டா செலவு யார் தலையில? அவர் தலையிலயா, கம்பெனி தலையிலயா? என் வேலை போகும். அது போகட்டும், அவர் கதி?

பிரகாசம் தன் இடது கையைப் பார்த்தார். வேண்டுமென்று பார்க்கவில்லை, பழக்கம். பிரஸ் ஷாப்பில் இரண்டு விரல் நுனி போனது 2008-ல். அன்றைக்கு அவருக்கு இஎஸ்ஐ காப்பீடு கிடையாது. இரண்டு வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தவர், ஆனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவர். மதியமே சேர்த்தார்கள், முந்தின நாள் வேலைக்கு வந்ததாக எழுதி. ஆஸ்பத்திரி கிடைத்தது. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது, ஆமாம் சார் நேத்துதான் சேர்ந்தேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார்.

"வைத்தியம் பார்த்தாங்க, இல்லேங்கல," என்றார் இன்று. "ஆனா ரெண்டு வருஷம் நான் வேலையே செய்யலைன்னு ஆயிப்போச்சு. அப்புறம் கணக்கு முடிக்கும்போது அதையே காட்டுனான். நீயே கையெழுத்துப் போட்டிருக்கியேன்னான்."

எனக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் இன்று அவர் அதை ஏன் சொல்கிறார் என்று தெரியாமல், "அப்ப நானும் மே மாசத் தேதி போட்டு அனுப்பிடவா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் அதுக்கா சொல்றேன்?" என்று எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

உண்மை என்னவென்றால், கேட்பதற்கு முன்பே போட்டுவிட்டேன். மத்தியானம் ஆபீசில், விண்ணப்பத்தில் தேதி போடுகிற இடத்தில் மே 9 என்று பேனாவால் எழுதினேன். என் கையெழுத்து எனக்கே பிடிக்கவில்லை. அதை மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். நாளை பிர்கிட்டிடம் பேசிவிட்டு முடிவு.

ஜூலை 11, வெள்ளி

எங்கிருந்து தொடங்குவது!

அங்கே ஆபீஸ் திறந்திருக்கும் நேரம் பார்த்து, இங்கே ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டேன். சாப்பாட்டு நேரம், ஆபீசில் யாருமில்லை. எடுத்தவுடனே சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தை அனுப்பவில்லை, தவறு என்னுடையது, உங்களுக்குப் பொய்ச் சமாதானம் எழுதினேன். என் ஆங்கிலம் தடுமாறிற்று. மே மாதத் தேதி போட்ட தாள் கையில் இருந்தது. அதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிர்கிட், "அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் ஹில்டா. இன்றைய தேதியைப் போட்டு அனுப்புங்கள்," என்றார்.

"அப்படியென்றால் அவருக்குக் காப்பீடு?"

"இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து இருக்கிறது."

எனக்குப் புரியவில்லை. பதிவு செய்யாமல் எப்படி இருக்கும்? மறுபடி கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். அங்கே தொழிலாளிக்குக் காப்பீடு விண்ணப்பத்தால் வருவதில்லையாம், சட்டத்தால் வருகிறதாம். முதலாளி மறந்தாலும் தொழிலாளிக்கு ஒன்றும் குறையாது. முதலாளி மே மாதத்திலிருந்து சந்தாவைக் கட்ட வேண்டும், அபராதமும் வரலாம். அது தனி. ஊவேவுக்கு ஆபரேஷன், படுக்கை, காலுக்கான பயிற்சி எல்லாம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அவரிடம் ஒருவரும் ஒரு காசு கேட்கவில்லை.

நான் அழுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "ஹில்டா, இன்னும் இரண்டு விஷயம், எழுதிக்கொள்ளுங்கள்," என்றார். நல்லவேளை எழுதிக்கொண்டேன்.

சார் அனுப்பிய மெயில் வேலைநீக்கமே இல்லை. காகிதத்தில், பேனாவால் கையெழுத்துப் போட்டு, ஆள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மெயில், வாட்ஸாப் எதுவும் செல்லாது. அப்படியே முறையாக நீக்கினாலும் முதல் ஆறு மாதத்துக்கு இரண்டு வார முன்னறிவிப்பு உண்டு. காயத்துக்காக நீக்கினது என்று ஆனால் அந்த ஆறு வாரச் சம்பளத்தைக் கொடுத்தே தீர வேண்டும். ஆக, நீக்கி மிச்சம் பிடிக்கப் போவது ஒன்றுமில்லை.

கடைசியில் அவர் சொன்னதுதான் மனசில் நிற்கிறது. ஊவே நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூப்பிட்டாராம். சட்டம் ஒன்றும் கேட்கவில்லையாம். கம்பெனி கருவிப்பெட்டி டீ கம்பெனியிலேயே இருக்கிறது, அதைச் சென்னைக்கு எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்டாராம்.

பதிவு விண்ணப்பத்தையும் விபத்து அறிக்கையையும் அனுப்பிவிட்டேன். இன்றைய தேதி. மணி 3.40. பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது காலில் பாரமே இல்லை. ஊவேவின் கால் ஒடிந்திருக்கிறது, நான் மிதக்கிறேன். இது சரியா?

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் இறங்கி வீடு வரை நடந்தே வந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே, "அப்பாடா" என்றார். நான் இன்னும் எதுவும் சொல்லவே இல்லை.

ஜூலை 12, சனி

சொன்னேன். சாரிடம், என் தவறை முதலில். அப்புறம் மெயில் செல்லாது என்பதை.

தவறைக் கேட்டபோது அவர் கத்தவில்லை. "இத்தினி நாளு சொல்லாம வச்சிருந்தியா?" என்று மட்டும் கேட்டார். அது கத்தினதைவிட மோசம். இரண்டாவதைக் கேட்டதும் மேசையைத் தட்டினார்.

"என் கம்பெனி. என் துட்டு. நான் வேணாம்னா வேணாம்தானே? பேப்பர்ல அட்சி கொண்டா. கையெழுத்துப் போடறேன். இன்னிக்கே கூரியர்ல போவணும்."

"ஆறு வாரச் சம்பளம் எப்படியும் கொடுக்கணும் சார். நீக்கினா நமக்கு ஆளும் இல்ல, பணமும் இல்ல."

"நீ அட்சி கொண்டா."

அடித்தேன். வேறென்ன செய்வேன், இது என் வேலை. பச்சை மையில் போட்டார். கூரியர் ஆபீஸ் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், சனிக்கிழமை ஏழு மணி வரை திறந்திருக்கும். ஆறே காலுக்கு அதன் வாசலில் நின்றேன். உள்ளே கூட்டம்கூட இல்லை.

போகவில்லை. ஷேர் ஆட்டோ ஏறி வந்துவிட்டேன். கவர் பைக்குள் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்கும் அதே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலாளி சொன்னதைச் செய்யாமல் இருப்பது திருட்டா? திங்கட்கிழமை கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். இது ஒன்றுதான் என்னால் முடிவு செய்ய முடிந்தது.

ஜூலை 14, திங்கள்

இன்றைய நாளை எழுதாமல் தூக்கம் வராது.

டீ கம்பெனியில் அதே மூன்றாம் மெஷின் காலையில் நின்றுவிட்டது. பழுது பார்க்க அங்கே நம் ஆள் இல்லை. இங்கிருந்து ஒருவரை அனுப்ப விசாவே மூன்று வாரம். கடைசியில் சார் அறையில் லேப்டாப் வைத்து, வீடியோவில், ஜெகதீஷ் பேச நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர்களுடைய எலெக்ட்ரீஷியன் செய்து பார்த்தார். இரண்டு மணி நேரம். ஜெகதீஷ் நாலு வருஷமாக அசெம்பிளியில் இருக்கிறான். வயது இருபத்தொன்பது, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பைக்கில் வருவான். அந்த மெஷினை அவனைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் அவன் என் அறுபத்து நாலில் கிடையாது. கான்ட்ராக்டர் லட்சுமணன் கொண்டுவந்த பதினோரு பேரில் ஒருவன்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் அந்த எலெக்ட்ரீஷியன் கேட்டார்: இந்த சென்சாரை ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறீர்கள்? ஊவே விழுந்ததும் இதைப் பார்க்க ஏறித்தான்.

நான் மொழிபெயர்த்தேன். சார் ஜெகதீஷைப் பார்த்தார்.

"கரெக்டுதான் சார் அவர் சொல்றது," என்றான் அவன். "இங்க டெஸ்ட்டிங்ல நானும் ஏறித்தானே பாக்கறேன். ஸ்டூல் மேல ஸ்டூலு போட்டுகினு. போன வருசமே சொன்னேன், இடுப்பு ஒயரத்துக்கு எறக்கலாம்னு."

"எப்போ சொன்னே?"

"ஆயுத பூஜ அன்னிக்கு சார். நீங்க பிஸியா இருந்தீங்க."

அப்புறம் அவன் சும்மா, சிரித்துக்கொண்டே கேட்டான். வம்புக்குக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். "ஊவேவுக்கு ஆறு வாரம் சம்பளமாமே சார். நான் உழுந்தா எத்தினி வாரம் சார்?"

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "டெஸ்ட்டிங்ல வேல கீது சார்" என்று போய்விட்டான்.

சார் லேப்டாப்பை மூடினார். மேலே ஃபேனைப் பார்த்தார். பிறகு, "கூரியர் போச்சா?" என்றார்.

"இல்ல சார்."

"இன்னாது?"

"சனிக்கிழமை அனுப்பல சார். என் பையில இருக்கு."

கையை நீட்டினார். கொண்டுவந்து கொடுத்தேன். கவரைத் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டார்.

"நீ பண்ணது தப்பு ஹில்டாம்மா."

"ஆமா சார்."

"போ."

அவ்வளவுதான். வேலை இருக்கிறதா இல்லையா தெரியாது. ஆனாலும் சனிக்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

வேலை இருக்கிறது!

பன்னிரண்டரைக்கு சார் கூப்பிட்டு, "அந்த ஊவேவுக்குப் போன் போடு. நீயும் இரு. என் இங்கிலீசு அந்தாளுக்குப் புரியாது," என்றார்.

ஊவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. சார் எடுத்த எடுப்பில் காலைக் காட்டச் சொன்னார். ஊவே போனைத் திருப்பிக் காட்டினார். சார் உச்சுக் கொட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"சொல்லு ஹில்டாம்மா. அன்னிக்குக் கோவம். ஆபரேசன் அன்னிக்கு அனுப்பினேன்னு அப்புறந்தான் ஒறச்சுது. அந்த மெயிலு... அத மனசுல வச்சிக்க வாணாம்னு சொல்லு."

சொன்னேன். ஊவே யோசித்துவிட்டு, பரவாயில்லை மிஸ்டர் பாஸ்கரன், எப்படியும் அது செல்லாது என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அதை நான் தமிழில் சொன்னதும் சார் ஒரு வினாடி விழித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. "ஆளு கில்லாடிதான்" என்றார். அதைப் பார்த்து ஊவேவும் சிரித்தார்.

படுக்கையிலிருந்தே போனில் உதவலாமா என்று ஊவே கேட்டார். சார் முகம் மலர்ந்தது. நான் மலர விடவில்லை. ஓய்வு எழுதிக் கொடுத்தால் ஓய்வுதான், வேலை வாங்கக் கூடாது என்றேன் இரண்டு மொழியிலும். "இவ யாரு பக்கம்?" என்று சார் பொதுவாகக் கேட்டார்.

ஊவே என் பெயரைக் கேட்டார். ஹில்டா அவருடைய அத்தை பெயராம். இவ்வளவு நாள் நான் ஜெர்மன்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நான் பிறந்த மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸின் பெயர் என்று சொன்னேன்.

அந்தக் கவர் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 29

காப்பீட்டு நிலையத்திலிருந்து உறுப்பினர் எண் வந்துவிட்டது. மே முதல் சந்தாவுக்கு பில். தாமதத்துக்கு ஒரு வரியில் கண்டனம், அபராதம் இல்லை. அந்த வரியை பிர்கிட் மொழிபெயர்த்து அனுப்பினார்: இனி உரிய காலத்தில் தெரிவிக்கவும். எவ்வளவு மரியாதையான திட்டு!

ஆகஸ்ட் 20, புதன்

ஆறு வாரம் நேற்றோடு முடிந்தது. ஊவேவுக்கு இன்னும் மூன்று வாரம் நடைப் பயிற்சி தேவையாம். இனி அவருக்குக் காப்பீட்டு நிலையமே கொடுக்கும், நாம் கொடுக்க வேண்டாம். சாரிடம் சொன்னபோது, "அப்ப வர்ற வரிக்கும் வரட்டும், அவசரப்படுத்தாத," என்று எனக்கே புத்தி சொன்னார்.

ஜெகதீஷ் சென்சாரை இடுப்பு உயரத்துக்கு இறக்கி ஒரு பிராக்கெட் செய்துவிட்டான். நாலு செட் விமானத்தில் போகிறது.

செப்டம்பர் 1, திங்கள்

சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வழக்கமாக நின்றுகொண்டுதான் பேசுவோம்.

"அந்தப் பதினோரு பேர நம்ம பேர்லயே போட்டுக்கினா மாசம் இன்னா ஆவும்?"

மனசுக்குள் ஜூலையிலிருந்தே போட்டு வைத்திருந்த கணக்கு. அங்கேயே சொன்னேன். இஎஸ்ஐ, பி.எஃப்., லீவு எல்லாம் சேர்த்து. லட்சுமணனுக்குக் கொடுக்கும் கமிஷனைக் கழித்தால் வித்தியாசம் அவர் பயந்ததைவிடக் குறைவு. அவர் நம்பவில்லை, கால்குலேட்டரில் தானே போட்டுப் பார்த்தார்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

நீங்கள் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. நானும் சொல்லவில்லைதான். வருஷக்கணக்காக அந்தப் பதினோரு பேர் என் ஜன்னலைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போனார்கள். அவர்கள் லட்சுமணன் கணக்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

லட்சுமணன் மதியம் வந்து கத்தினார். சார் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

செப்டம்பர் 10

பதினோரு வேலை நியமனக் கடிதமும் அடித்து சார் மேசையில் வைத்தேன். இஎஸ்ஐ பதிவு இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து. ஆனால் கடிதத்தில் ஒவ்வொருவரும் உண்மையில் எந்த நாளில் இந்த கேட்டுக்குள் வந்தார்கள் என்று செக்யூரிட்டி ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதினேன். ஜெகதீஷுக்கு 2021, ஆகஸ்ட் 16.

"ரெண்டு தேதி கீதே?" என்றார் சார்.

"ரெண்டும் உண்மை சார்."

வந்த நாளிலிருந்துதான் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை கணக்காகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கடிதங்களை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

செப்டம்பர் 11

கையெழுத்தாகவில்லை. இவரிடம் சொன்னேன். "தேதிய மாத்தச் சொன்னாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப போடுவாரு," என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

போட்டுவிட்டார். பதினொன்றும். சாயங்காலம் என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கார் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஜெகதீஷ் கடிதத்தின் நகலை இவரிடம் காட்டினேன். தேதி போட்ட வரியை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

இஎஸ்ஐ அட்டைக்குக் குடும்பப் போட்டோ ஒட்டி, அதன்மேல் கம்பெனி முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து அதே வேலை. ஒருவர் கல்யாண ஆல்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தார். ஒருவர் போட்டோவில் பக்கத்து வீட்டுக் குழந்தையும் நின்றது. வெட்டினோம்.

ஜெகதீஷ் போட்டோ கொண்டுவரவே இல்லை. மூன்று பேரும் சேர்ந்து எடுத்ததே கிடையாதாம். மதியச் சாப்பாட்டு வேளையில் மனைவி திவ்யாவையும் குழந்தையையும் பைக்கில் வைத்து ஆபீசுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஸ்டோர் ரூம் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்க வைத்து என் போனில் எடுத்தேன். மூன்று பேரும் விறைப்பாக நின்றார்கள்.

"சிரிக்கலாமாக்கா?" என்று திவ்யா கேட்டாள்.

சிரிக்கலாம் என்றேன்.